எல்லாம் சரி என்று சொன்ன பெட்டி

ராயப்பேட்டை ரத்த வங்கியில் மூன்றாவது ஃப்ரிட்ஜ் விஜயதசமியன்று நின்றுபோனது. மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் மட்டும் மாலை வரை, பச்சைத் திரையில், 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவன் டெக்னீஷியன் கபாலி. பை ஒன்றை எடுத்தபோது கையில் குளிர் உறைக்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் ஏற்றவில்லை. அந்த ஃப்ரிட்ஜில் இருந்த ரத்தம் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

மறுநாள் காலை ஸ்ரீநாத் அங்கே போய் நின்றான். திரையில் பொய் சொன்னவை அவனுடைய பெட்டிகள். அவனும் ரகுபதியும் மந்தைவெளியில் ஒரு மாவு மில்லின் மாடியில் செய்து விற்பவை. ஃப்ரிட்ஜுக்கு ஒன்றாக நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளே எவ்வளவு குளிர் என்று அளக்கும். நெட்வொர்க் கம்பி வழியாக அதைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். தனியாக எந்த புரோகிராமும் போட வேண்டாம், பிரவுசர் போதும். விற்கும்போது பெருமையாகச் சொன்னது அதைத்தான்.

"இந்தத் திரையை நம்பித்தானே ஒவ்வொரு ஃப்ரிட்ஜா போய் தெர்மாமீட்டர் பார்க்கறதை நிறுத்தினோம்?" என்றார் ரத்த வங்கியின் பொறுப்பாளர் டாக்டர் கோமளம். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "திங்கட்கிழமை வரைக்கும் டயம் தரேன். சரி பண்ணுங்கோ. முடியலேன்னா கழட்டிண்டு போயிடுங்கோ."

ஸ்ரீநாத் பெட்டிகளைச் சோதித்தான். நான்கும் ஒழுங்காகவே அளந்தன. மூன்றாவது பெட்டியை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தால் சரியான எண்ணைக் காட்டியது. நான்கையும் ஒன்றாகக் காட்டும் முதல் பக்கம்தான் பொய் சொன்னது.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்தினீங்களா கபாலி?"

"நான் இன்னாத்த சார் மாத்தப்போறேன்? ஆயுத பூஜைக்குத் தொடச்சேன். சந்தனம் வெச்சேன், பொட்டு வெச்சேன். அவ்ளோதான்."

மானிட்டரின் நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது.

"வேற?"

"கம்ப்யூட்டர் புக்கோட ஒரு சிடி ஃப்ரீயா குடுத்தான் சார். அதுல புது பிரவுசர் இருந்துச்சு. நாள் கெழமையில பழச வெச்சிக்கினு இருந்தா நல்லாவா கீது? வண்டிக்கு ஆயில் மாத்தற மாரி மாத்திட்டேன்."

"மாத்தினப்புறம் ஏதாவது வந்துதா திரையில?"

"இங்கிலீஷ்ல ஏதோ ஒண்ணு சின்னதா வந்துச்சு. ஓகேன்னு போட்டிருந்துச்சு. அமுக்கினேன், பூட்ச்சு."

அது ஒரே ஒரு முறை வந்து போயிருக்கிறது. அதற்குப் பிறகு வரவில்லை.

விஷயம் இதுதான். பெட்டியில் சிப் சின்னது, இடம் குறைவு. அதனால் முதல் பக்கத்தை ஒன்றாம் பெட்டியில் மட்டும் வைத்திருந்தார்கள். அது மற்ற மூன்றின் பக்கங்களையும் திறந்து, அவற்றிலிருந்து எண்களைப் படித்துக்கொள்ளும். பக்கம் பச்சையில்தான் தொடங்கும்; ஏதாவது ஒன்று சூடானால் பச்சை போய்ச் சிவப்பு வரும். பழைய பிரவுசர் இதற்குச் சம்மதித்தது. புதியது, ஓரிடத்திலிருந்து வந்த பக்கம் இன்னோரிடத்துப் பக்கத்தைப் படிக்கக் கூடாது என்றது. ஒரு முறை சொல்லிவிட்டு, படிக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டது. பச்சை அப்படியே நின்றது.

பிரவுசர் கம்பெனிக்கு ரகுபதி ஈமெயில் அனுப்பினான். பதில் வந்ததும் அதைப் பிரிண்ட் எடுத்து வந்து ஸ்ரீநாத்தின் முன்னால் போட்டான்.

"படிச்சுப் பாரு மச்சி. இது பிழை இல்லையாம். பிழையைத் திருத்தினதாம். நன்றின்னு வேற போட்டிருக்கான்."

"அவன் சொல்றது சரிடா."

"என்னடா சரி? நம்மள மாதிரி பொட்டி செய்யறவன் ஒருத்தன் உலகத்துல இருக்கான்னு அவனுக்குத் தெரியுமா? சொல்லாம கொள்ளாம கதவைச் சாத்திட்டான்."

"டாக்டர் அந்த கம்ப்யூட்டர்லதான் இன்டர்நெட்டும் பாக்கறாங்க. இந்தக் கதவு திறந்திருந்தா எவனோ எங்கிருந்தோ ஒரு பக்கத்தை அனுப்பி அவங்க பெட்டி எல்லாத்தையும் படிச்சிடலாம்."

"ரத்தம் எவ்ளோ ஜில்லுனு இருக்குன்னு படிச்சிட்டு என்னடா பண்ணுவான் அவன்?" ரகுபதி மூக்கால் சிரித்தான். "விடு. பழைய பிரவுசரையே திருப்பிப் போட்டுட்டு வா."

"அடுத்த வருஷம் ஆயுத பூஜை வராதா?"

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை லேசாக அதிர்ந்தது.

வழி ஒன்று இருந்தது. ஒன்றாம் பெட்டியே மற்ற மூன்றையும் கேட்டு, எண்களை வாங்கி, தன் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பிரவுசருக்கு ஆட்சேபம் இருக்காது. அதற்கான புரோகிராமை ஸ்ரீநாத் எழுதியும் விட்டான். சிப்பில்தான் இடம் போதவில்லை. பெரிய சிப் அந்த போர்டில் உட்காராது. சனிக்கிழமை முழுவதும் ஒவ்வொரு வரியாகக் குறுக்கிப் பார்த்தான். வெயில் போய் மழை பிடித்தது. போதவில்லை.

ரகுபதி இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினான்.

"எதை எடுத்தா இடம் வரும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ஸ்ரீநாத் திரையில் முதல் பக்கத்தைத் திறந்தான்.

அந்த முதல் பக்கம், அவர்களோடு அதே மாடியில் வேலை செய்த ஹம்சினி செய்தது. பெட்டிக்குள் தமிழ் எழுத்துக்கு வழியில்லை என்றபோது, அவள் ஒரு வெள்ளைத் தாளில் பச்சை மையால் 'எல்லாம் சரி' என்று எழுதி, பாண்டி பஜாரில் ஸ்கேன் செய்துகொண்டு வந்தாள். எழுத்தாக இல்லாமல் படமாகவே பக்கத்தில் வைத்தாள். அவளுடைய 'ரி'யின் சுழி மேலே போய், பின்னால் வளைந்து, 'ச'வின் தலையைத் தொடும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஜனவரியில் அவள் இறந்துபோனாள். பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் பெட்டிகளைப் பார்க்க ராயப்பேட்டைக்கு ரகுபதியை அனுப்பாமல் அவனே போனான்.

படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தான். பாதியாக்கியபோது சுழி மறைந்தது. அதற்கும் பாதியாக்கியபோது யாரோ எழுதியது போல ஆயிற்று. அப்போதும் இடம் போதவில்லை.

"ஃப்ளாப்பியில இருக்கேடா படம். எங்க போயிடப்போவுது?" என்றான் ரகுபதி, மெதுவாக.

"ஃப்ளாப்பியில யாரு பாக்கறா?"

டீ ஆறியது. கபாலி கையில் எடுத்துப் பார்த்த பை ஸ்ரீநாத்தின் நினைவுக்கு வந்தது. அதைச் சுமந்த ஃப்ரிட்ஜைப் பார்த்து, அவள் கையெழுத்தில், நாள் முழுவதும் சரி சரி என்று சொல்லியிருக்கிறது அந்தத் திரை. அவள் ஒரு நாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். எரிச்சல் கம்பெனி மீதா, கபாலி மீதா, சந்தனத்தின் மீதா என்று தெரியவில்லை. எல்லோரும் நல்லதுதான் செய்திருந்தார்கள்.

சிப்பைக் கழற்றி, அதன் கண்ணாடிக் கண்ணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தான். ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அந்த வெளிச்சம் பட்டால் சிப்பில் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். ரகுபதி எழுந்து ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்தான்.

திங்கட்கிழமை கோமளம் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார். புதுப் பக்கம் சிவப்பாகத்தான் தொடங்கியது. நான்கு எண்களும் வந்து சேர்ந்த பிறகே பச்சையாயிற்று. ஸ்ரீநாத் மூன்றாவது ஃப்ரிட்ஜின் பெட்டியிலிருந்து நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினான். உடனே சிவப்பு.

"இதான் வேணும்," என்றார் கோமளம். "இருக்கட்டும்." அவ்வளவுதான். வார்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கபாலி திரையில் முகத்தை வைத்துத் தேடினான். "சார், அந்த எழுத்து எங்க? மேடம் எழுத்து?"

"இடம் இல்ல கபாலி."

"இவ்ளோ பெரிய டிவி பொட்டி. இதுலயா இடம் இல்ல?"

ஸ்ரீநாத் கம்பியைத் திரும்ப மாட்டினான். பச்சை. பிடுங்கினான். சிவப்பு. மாட்டினான். பிடுங்கினான்.

"வேல செய்யுது சார்," என்றான் கபாலி. "வுடு சார். வேல செய்யுது."