இடம் கேட்கும் பக்கம்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது என் நைனா தேவசகாயத்தின் சட்டைப்பையில் இருக்கும். செய்யூருக்கு நான் போன் செய்தால் அவர்தான் எடுப்பார். "ஜெசிந்தா" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். ரூத் என்று ஒரு மகள் இருப்பதே மறந்துபோன மாதிரி.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எனக்குத் தாலுகா ஆபீசில் அரசு வேலை கிடைத்ததும் நைனா தெரு முழுக்கக் கேக் கொடுத்தார். நான் சேரவில்லை. மாமல்லபுரத்தில் அறை எடுத்துக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். "வெளம்பரத்துக்கு வேல பாக்கவா உன்ன படிக்க வச்சேன்?" என்றார். அதோடு பேச்சு நின்றது. அவர் பிடிவாதம்தான் எனக்கும். நானும் இறங்கிப் போகவில்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விளம்பரம் காட்டும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒருவர் விளம்பரத்தைத் திறந்தால், பார்த்தால், மூடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு வரும். ஆளாளுக்குத் திருத்தியதில் ஒரே செயலுக்கு நாலு பெயர். சிலருக்கு விளம்பரம் வந்தாலே 'பார்த்தார்' என்று கணக்கு, கண்ணில் படவே வேண்டாம். இந்தக் கூத்தை ஒழுங்குபண்ணி, எந்தக் குறிப்பு எப்போது வரவேண்டும், அதில் என்ன இருக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதுவது என் பொறுப்பு. அதில் நானே வரிந்துகட்டிக்கொண்டு ஒரு விதி எழுதினேன்: பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கக்கூடாது. நமக்கெதற்கு அது?

சோதனைக்கு ஒரு பக்கம் வைத்திருந்தோம். ஒரு பொய் விளம்பரம், அதன் கீழே எங்கள் குழுவின் படங்கள். அம்மா என் முகத்தைப் பார்க்கட்டும் என்று நைனாவின் போனுக்கு லிங்கை அனுப்பினேன். "அத்தெல்லாம் எனக்குத் தொறக்கத் தெரியாதுடி" என்றாள்.

மறுநாள் காலையில் குறிப்பு வந்தது. திறந்தார். பார்த்தார். ஊர்: செய்யூர்.

என் விதி இன்னும் அமலுக்கு வரவில்லை, அதனால் அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் 'உங்கள் இடத்தைச் சொல்லலாமா?' என்று கேட்கும். எங்கள் ஆட்களே மறுத்துவிடுவார்கள். எதற்கும் சரி என்று சொல்லாத நைனா அதற்குச் சரி என்று தட்டியிருந்தார். அதன்பிறகு தினமும் செய்யூர் வந்தால்தான் எனக்கு டீ இறங்கும். ஏங்கியது அவர் குரலுக்கு. கிடைத்தது ஊர்ப் பெயர். அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

விதிகளுக்கு எல்லோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மென்பொருளில் நான் அவற்றைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். குழுவில் என்னோடு வேலை செய்யும் அஃப்ஸானா முட்டுக்காட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாடி, நீ எழுதுன ரூலு. நீயே அதும்மேல குந்திகினு கீற?"

"சோதனைப் பக்கத்துக்கு மட்டும் ஊரு இருக்கட்டுமேடி."

"மத்தவங்களுக்கெல்லாம் ரூலு, உனுக்கு மட்டும் வேறயா?"

அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. அன்று சாயங்காலமே சேர்த்தேன். சேர்த்துவிட்டு அழுதேன்.

காலையில் குறிப்பு வந்தது. திறந்தார். பார்த்தார். ஊர் இல்லை. எந்த நாட்டில் எவரோ. அடுத்த நாளும் அப்படியே. தாங்க முடியாமல் போன் செய்தேன்.

நைனா எடுத்தார். "அம்மா மாவரைக்கப் போயிருக்குது" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் கெட்டுப்பூச்சா இன்னா? எங்க கீறேன்னு கேக்கவே மாட்டுது. கேட்டாதான உனுக்குத் தெரியும்."



"நான் கேக்கறேன் நைனா. எங்க கீற?"

"வூட்லதான்" என்றார். "எங்க போவப்போறேன்."