நாளை மறுநாள் வாக்குப்பதிவு, எல்லோருக்கும் அனுப்பவும்

1
இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. மருந்துக்கடை அக்காவே சொன்னார், அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலில், 'ஜனநாயகம் இன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட ஒரு...' என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். கட்டுரைக்கு ஆகும், அக்காவுக்கு ஆகாது.)

2
தேர்தல் நாள் காலை. கடை திறந்த கையோடு அக்காவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது: 'இயந்திரக் கோளாறு. நம் வார்டுக்கு வாக்குப்பதிவு நாளை மறுநாள். எல்லோருக்கும் அனுப்பவும்.' அனுப்பினார். குடும்பக் குழுவில் அவரைத் தவிர முப்பத்தொரு பேர், எல்லோரும் அதே வார்டு.

பதினோரு மணிக்கு அதே தெருக்காரர் ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு நேரே மாத்திரை வாங்க வந்தார். அக்கா கைப்பேசியை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூலையில் பொடி எழுத்தில் போன தேர்தலின் தேதி. மாத்திரை அட்டை ஒவ்வொன்றிலும் தேதி பார்க்காமல் யாருக்கும் எடுத்துக் கொடுக்காதவர் அவர்.

[இங்கே ஒரு வில்லனை வைக்க ஆசைப்பட்டேன்: இருட்டறை, பத்துத் திரைகள். ஆனால் அக்காவுக்கு அனுப்பியது சொந்த நாத்தனார். பொய் இப்போதெல்லாம் உறவுமுறை சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது.]

3
'தவறான செய்தி, மன்னிக்கவும்' என்று குழுவில் போட்டார். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோனது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் அப்போதுதான் செருப்பை மாட்டினார்கள். நாலு மணிக்குள் முப்பது பேர் முடிந்தது.

மிச்சம் சித்தப்பா. அவர் வேறு கட்சி. அதே குழுவில் இருவரும் முட்டிக்கொண்டு ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. அவர் போடாவிட்டால் அக்காவின் கட்சிக்கு லாபம்.

(ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கஷ்டம்.)

4
"சித்தப்பா, இன்னிக்குத்தான் ஓட்டு. நான் அனுப்பினது தப்பு. போய்ப் போட்டுடுங்க."



"உன் மெசேஜைப் பார்த்துட்டுத்தான் கிளம்பிப் போய்ப் போட்டேன். நீ அனுப்பி நான் எதைம்மா நம்பியிருக்கேன்?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரி, நீ போட்டியா?" என்றார் சித்தப்பா.

போடவில்லை. ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு ஓடினார்.

5
முடிவு ஒன்று: அக்காவின் கட்சி ஒரே ஓட்டில் ஜெயித்து...
முடிவு இரண்டு: ஒரே ஓட்டில் தோற்று...

ஜெயித்தது யார் என்று சொன்னால் நீங்களும் கட்சி பிரிந்துவிடுவீர்கள். அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வரிசையில் அக்காவுக்கு முன்னால் பதினாறு பேர். கதவு மூட முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது.

"அப்பாடான்னு இருந்துச்சு" என்றார்.