தீபாவளி மலரின் அட்டையும் விசா அம்மனும்

1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, வலங்கைமானில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அட்டைப்படங்களுள் ஒன்றின் கண்ணாடியில் குங்குமம் இட்டிருப்பதைக் கண்டேன்.

வார இதழ்களின் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்வது எங்கள் குடும்ப வழக்கம். அட்டைகள் மிஞ்சும். பிறர் அவற்றைப் பாடப்புத்தகங்களுக்கு உறையாகப் போட்டார்கள். நான் சட்டமிட்டு, ஆண்டு வரிசையில் மாட்டினேன். ஓவியர் கையால் தீட்டியவை மட்டுமே. நடிகையரின் புகைப்படங்களுக்கு இடமில்லை. விரும்பியவர் பார்க்கட்டும் என்று ஞாயிறுதோறும் கதவைத் திறந்து வைத்தேன். எவரும் வரவில்லை. கலிபோர்னியாவிலிருந்து தொலைபேசியில் பேசும் என் மகன் ராகவேந்திரா, “இன்னும் அந்தப் பழைய பேப்பரையெல்லாம் மாட்டி வெச்சிருக்கியாம்மா?” என்பான்.

குங்குமம் இட்டவள் வீட்டுவேலை செய்யும் காளியம்மாள். படம் ஒரு தீபாவளி மலரின் அட்டை: பச்சைப் புடவை உடுத்திய பெண்ணொருத்தி, அகல் விளக்கை ஏந்தி வாசற்படியில் நிற்கிறாள்.

“இது அம்மன் இல்லை, காளியம்மா. சாதாரணப் பொம்பளை.”

“சாதாரணப் பொம்பளையா எம்மவன் மருதையனுக்கு சிங்கப்பூர் விசா வாங்கிக் குடுத்தா? ரெண்டு தடவை இல்லேன்னு சொன்னவனுங்க, இவளக் கும்புட்ட மூணாம் நாளு குடுத்துட்டானுங்க.”

“கண்ணாடியைத் துடை.”

“அம்மன் நெத்தியையா? நீங்களே தொடைங்க. எனக்குக் கை வராது.”

நானே துடைத்தேன்.

மறு வெள்ளியன்று காளியம்மாளோடு மூன்று பெண்கள் வந்தனர். ஒருத்தி மருமகனின் பாஸ்போர்ட்டைப் படத்துக்கு நேர்கீழே வைத்தாள்.

“டீச்சரம்மா, ஒங்க புள்ளையும் இவ புண்ணியத்துலதான் அமெரிக்கா போனாரா?”

“அவன் கம்ப்யூட்டர் படிச்சுட்டுப் போனான்.”

“அதுக்கும் விசா வேணும்ல?”

சிரித்தார்கள். அன்று ஐந்து டம்ளர்களில் காப்பி கலந்தேன். அலமாரியின் பின்வரிசையிலிருந்து டம்ளர்களை எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது.

அவர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்தடுத்த வெள்ளிகளில் கூட்டம் பெருகியது. புகை சட்டங்களின் இடுக்கில் புகுந்து, பக்கத்து அட்டைகளின் ஓரங்களைக் கறுப்பாக்கியது. மற்ற அட்டைகளை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“படத்தை வாசலில் மாட்டித் தரேன். அங்கே ஏத்துங்க.”

“குடியேறின எடத்த விட்டு அம்மன நகத்தக் கூடாதும்மா,” என்றாள் காளியம்மாள்.

“அப்போ கற்பூரம் வேண்டாம்.”

அடுத்த வெள்ளியன்று எவரும் வரவில்லை. இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷனை இரவில் கொட்டினேன்.

புரட்டாசி பிறக்கும் முன் முடிவு செய்தேன். மற்ற அட்டைகளையெல்லாம் இறக்கி, துணியில் சுற்றி, மரப்பெட்டியில் ஆண்டு வரிசை பிறழாமல் அடுக்கினேன். பச்சைப் புடவைக்காரியை மட்டும் விட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு முதல் ஆறு வரை கற்பூரம் ஏற்றலாம் என்று காளியம்மாள் வழியே சொல்லியனுப்பினேன். படத்தின் கீழே, ‘தீபாவளி மலரின் அட்டை, தெய்வப் படம் அன்று’ என்று எழுதி ஒட்டினேன். அந்தச் சீட்டை எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவது என்பதும் முடிவாயிற்று.