பாஞ்சாலி சொல்லாத பெயர்

வட்டி குறைவு என்பதாலா, இருக்காது, எதிர்வரிசைக் கம்பெனிகளில் வட்டியே இல்லை என்று பந்தல் போட்டுக் கூப்பிடுகிறார்கள், அப்படியும் இந்தம்மா ஃப்ரிட்ஜில் தொடங்கி மிக்சி, மகளுக்கு போன், இப்போது தையல் மிஷின் என்று நாலாவது முறையாகத் தங்கள் கம்பெனியிலேயே தவணைக்கு வாங்கியிருக்கிறாள், ஏன்... தி.நகர் கிளையில் மேனேஜர் கொடுத்த, வாடிக்கையாளர் ஏன் திரும்பி வருகிறார் என்று கேட்கும் படிவத்தில் நாலு கட்டம்தான், வட்டி, வேகம், ஆப், பணிவு, ஒன்றில் டிக் அடித்தால் கயலின் வேலை முடிந்தது, காலையிலிருந்து பதினோரு பேர் எதையோ சொல்லி அனுப்பிவிட்டார்கள், மயிலாப்பூர் கால்வாயோரம் ஒற்றை அறையில் பிளவுஸ் தைக்கும் இந்தப் பாஞ்சாலிதான் எதற்கும் தலையாட்டவில்லை. ஆப்பா, "அத்த யாரு பாத்தா?" வட்டியா, "எல்லாம் ஒண்ணுதாம்மா." போன மாதம் நாற்பது ரூபாய் மிச்சமென்று கயல் சிம்மையே வேறு கம்பெனிக்கு மாற்றினாள், ஒரு நிமிடம் யோசித்தாளா, பிறகு மனிதர்கள் எதில்தான் ஒட்டிக்கொள்கிறார்கள்?

பாஞ்சாலி மிஷினை நிறுத்தினாள். "அந்த டிசம்பர் வெள்ளத்துல வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. அன்னிக்குன்னு பாத்து உங்க ஆளு தவணைக்கு வந்து நிக்கறாரு. தெருவே பாக்குதே, மானம் போச்சின்னு நெனச்சேன். அவரு பேண்ட்ட மடிச்சிக்கினு உள்ள வந்து, அந்தப் பக்கம் புடிங்கக்கான்னாரு. ரெண்டு பேருமா ஃப்ரிட்ஜ கட்டில் மேல ஏத்தினோம். துட்டுன்னு ஒரு வார்த்த கேக்கல. மூணு மாசம் வூடு பூட்டிக்கீதுன்னு எழுதிக்கினாரு. இப்ப மிஷின வேற எடத்துல வாங்கிட்டு அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன், சொல்லு?"

பூட்டியிருந்தது என்று பொய்யா எழுதினார், தெரிந்தால் வேலையே போகுமே... கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, கைக்காசு போடவில்லை, ஒரு ஃப்ரிட்ஜுக்குக் கை கொடுத்தார், அதற்கா மூன்று முறை திரும்பி வந்தாள், இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது, பணிவிலா? வசூலுக்குப் போகிற ஆறு பேரில் யார் அது, எப்போதும் சிடுசிடுக்கும் ஜவஹரா, சேச்சே, ஆனால் யார் கண்டது. "யாருக்கா அது? பேரு இன்னா?" என்று வெறும் ஆவலில்தான் கேட்டாள், கையில் பேனா இருந்ததைக் கவனிக்கவில்லை. பாஞ்சாலி கவனித்தாள்.

"எழுதினா அவருக்கு எதுனா ஆவுமா?"

ஆகாதுக்கா என்று உடனே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, இரண்டு வருடமாக அங்கேதான் வேலை பார்க்கிறாள், தினம் அந்த மேனேஜர் முகத்தைப் பார்க்கிறாள், ஆகுமா ஆகாதா... தனக்கே தெரியாது என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.