குற்றாலத்தில் தண்ணீர் வராத படம்

விஜயசங்கருக்குத் தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எதிரே இருக்கும் எழுத்தை வாசிக்கச் சொல்வதற்கு முன்பே, கடைசியாக என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவான். பாவம், அவர்களும் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள். அவ்வளவுதான், லென்ஸைக் கையில் பிடித்தபடியே ஆரம்பித்துவிடுவான். பாட்டு இருந்தால் அது படமே இல்லை. இடைவேளை என்பது கலைக்குச் செய்கிற துரோகம். கதாநாயகன் பத்துப் பேரை அடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அடித்து முடித்துக் கேமராவைப் பார்க்கிறானே, அதைத்தான் மன்னிக்க முடியாது. ஈரான் படம் என்றால் ஒரு குழந்தை நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஹங்கேரி என்றால் மழை பெய்ய வேண்டும். ஜப்பான் என்றால் யாரும் எதுவும் பேசாமல் சாப்பிட வேண்டும். முடிவு மட்டும் எந்த நாட்டுப் படத்திலும் இருக்கக் கூடாது. முடிவு சொல்லுகிற படம் பார்வையாளனை முட்டாளாக்குகிறது என்பது அவன் கட்சி.

பேச்சோடு நின்றிருந்தால் சரி. சித்தப்பா மகள் கல்யாணத்தில் வீடியோ எடுக்க வந்தவனைப் பிடித்து, "கேமராவ ஆட்டாதடே, வாழ்க்க தானா ஃப்ரேமுக்குள்ள வரும்" என்று வகுப்பெடுத்தான். தாலி கட்டி முடிகிறவரைக்கும் ஃப்ரேமுக்குள் வந்தது தவில்காரர் முதுகு மட்டும்தான். சித்தப்பா வீட்டில் அவனுக்கு இன்றுவரை ஒரு வாய்க் காபி கிடையாது.

இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, சொந்தமாக ஒரு ஃபிலிம் சொசைட்டி. நல்ல படங்களை எல்லாம் செல்போனில் தனியாகப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. படம் முடிந்ததும் பக்கத்தில் திரும்பி ஒரு வார்த்தை பேச ஆளில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனசு வராது.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் தளவாய் அண்ணாச்சியிடம் ஒரு ஹால் சும்மா கிடந்தது. எண்ணெய் மசாஜ் செய்கிற மணிமுத்து அதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இவனும் போய்க் கேட்டான். அண்ணாச்சி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வார ஞாயித்துக்கிழம ஒம் படத்தப் போடுலே. முடியுத வரைக்கும் கூட்டம் உக்காந்துருந்தா ஹால் ஒனக்கு. நடுவுல எந்திரிச்சுப் போச்சுன்னா மணிமுத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயசங்கர் திரையைக் கட்டிவிட்டுத் திரும்பினால் கதவு கொள்ளாத கூட்டம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உலக சினிமாவுக்கு இந்த மண்ணில் இவ்வளவு தாகமா!

விஷயம் அதுவல்ல. முந்தின நாள் மலையில் கொட்டிய மழையில் அருவி, குளிக்கிற இடத்துக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழ, போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிட்டது. அது தெரியாமல் மணிமுத்துவிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் நடுத்தெருவில் நின்றார்கள். எண்ணெய் உடம்போடு மெத்தையில் உட்கார எந்த லாட்ஜும் விடாது. இந்த ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, துடைத்தால் போய்விடும். ஆகவே வேட்டியும் துண்டுமாகப் பளபளவென்று வந்து உட்கார்ந்தார்கள். கூடவே அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள், முறுக்குப் பொட்டலம்.

படம் கிர்கிஸ்தான் பக்கத்து மலைக்கிராமத்துப் படம். வறண்டுபோன அடிகுழாய்க்கு முன்னால் ஒருவன் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். படம் முழுக்க அவ்வளவுதான். மொத்தமே நாலைந்து வசனம், அதுவும் ஆட்டிடம்.

கொஞ்ச நேரத்தில் கொட்டாவிச் சத்தம் கேட்கும் என்று விஜயசங்கர் காத்திருந்தான். கேட்கவில்லை. தண்ணீருக்காகக் காத்திருந்த கூட்டம், தண்ணீருக்காகக் காத்திருப்பவனை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"குழாயில காத்துதான் வருது. வாசர் போயிருக்கும்" என்றார் ஒருவர்.

"அவன் பஞ்சாயத்துல சொல்ல வேண்டியதுதான?"

திருவேங்கடத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பேராச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மானாவாரிக் காட்டில் மழையை நம்பிப் பருத்தி போடுகிறவள். திரையில் இருந்தவனை விட்டு அவள் கண் நகரவில்லை. "எங்க ஊருலயும் இப்படித்தான். பாவி மனுஷன், இன்னும் சாப்புடக்கூட இல்ல பாரு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

திரையில் அவன் எழுந்து குழாயில் காதை வைத்தான். உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்து மணிமுத்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே தலையை நீட்டினான்.

"ஏ, அருவியத் தொறந்துட்டாவ! தடைய எடுத்தாச்சு! எல்லாரும் ஓடுங்க!"

விஜயசங்கருக்கு உயிர் போய் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

"செத்த சும்மா இரியா. இப்பம் தண்ணி வந்துரும்" என்றாள் பேராச்சி.

வரவில்லை. திரை கறுத்தது. பெயர்கள் ஓடின. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"கரண்டு போச்சா?" என்றார் பின்வரிசைக்காரர்.

"படம் முடிஞ்சுட்டு" என்றான் விஜயசங்கர், பெருமையாக.

"தண்ணி?"

அதற்குள் மணிமுத்து திரும்பவும் வந்தான். மலையில் மறுபடி மழையாம், மறுபடி தடையாம். அருவி திறந்திருந்த அந்தக் கொஞ்ச நேரமும் இவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. எண்ணெய் மினுங்கும் தோள்கள் விஜயசங்கரைச் சுற்றி வளைத்தன.

"அங்கனயும் தண்ணி இல்ல, இங்கனயும் தண்ணி இல்ல. என்னவே வெளையாடுதீரா?"

"முடிவ டைரக்டர் நம்ம கையில விட்டுருக்காரு" என்றான், திரைப்பக்கம் பின்வாங்கியபடி.

"எங்க கையில எண்ணெய்தான இருக்கு!"

பேராச்சி மட்டும் கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "தம்பி, நீங்க படிச்சவிய. சொல்லுங்க. அவனுக்குத் தண்ணி வந்துச்சா, வரலியா?"

வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷமாகக் கட்டிக் காத்த கொள்கை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

"வந்துது" என்றான்.

"எப்படி வந்துது?" என்று ஹாலே கேட்டது.

"மழை! மூணு நாள் மழை! குழாய் பீச்சுதுல்லா, வாளியே மேல பறந்துட்டு!" யாரோ விசில் அடித்தார்கள். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீரை மறித்து வைத்திருந்த பண்ணையாரைக் கொண்டுவந்தான். வாளிக்காரன் கையால் பண்ணையாருக்கும் அவர் ஆட்கள் பத்துப் பேருக்கும் அடி வாங்கிக் கொடுத்தான். அடித்து முடித்தவன் எப்படித் திரும்பிப் பார்த்தான் என்று கழுத்தைச் சாய்த்து நடித்தே காட்டினான். நல்ல இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இடைவேளையும் விட்டான். கடைசியில் வாளிக்காரனுக்குக் கல்யாணம் ஆனபோது பேராச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹால் முழுக்க எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். அவர்கள் பேசிய படம்தான் வேறு.

தளவாய் அண்ணாச்சி வந்து அவன் தோளில் கை போட்டார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஹால் ஒனக்குத்தாம்லே. மாசாமாசம் வா, வந்து இப்படியே சொல்லு. படத்த மட்டும் போட்டுராத."