பெரியம்மா கம்பெனியின் வேலைவாய்ப்பு ஸ்டால்

1

உலகத்திலேயே பெரிய கம்பெனியை ஒரு காலை முழுக்க நான்தான் நடத்தினேன். தலைமை அலுவலகம், எங்கள் சாப்பாட்டு மேசை. வாசலில் வேலை கேட்டு ஒரு லட்சம் பேர்.

(தங்கை என் தோளுக்கு மேல் எட்டிப் படிக்கிறாள். "புளுகுக்கும் ஒரு அளவு இருக்குக்கா." சரி, நூறு பேர்.)

2

‘மழை கொட்டிய அந்தக் காலையில்…’ கொட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

‘என் தங்கை மகள் ஊமை…’ அதுவும் பொய். வீட்டில் ஒன்பது பேருக்கான வாய். கேமரா முன்னால்தான் பூட்டு விழும். கல்லூரியில் கடைசி வருடம். இணையத்தில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சிகளில் எல்லாம் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தவள். இந்த வருடத்துக்கு அன்றைய கண்காட்சிதான் கடைசி.

துணைக்கு நானும் என் லேப்டாப்பில் நுழைந்தேன். "மாணவரா, வேலை தருபவரா?" என்றது திரை. மாணவர் என்று சொல்ல என் முழங்கால் ஒப்பவில்லை. கம்பெனி பெயர் கேட்டது. ‘பெரியம்மா’ என்று போட்டேன். அந்தப் பெயரில் ஒரு ஸ்டாலே திறந்துவிட்டது.

3

மற்ற ஸ்டால்களில் ‘காத்திருக்கவும்’. என் ஸ்டாலில் உடனே ஒரு முகம். விடுவார்களா?

"மேடம், என்ன வேலைங்க?"

"முதல்ல சாப்பிட்டியா, சொல்லு."

மூட வழி தெரியாமல் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து தங்கை மகள் ஓடி வந்தாள். திரையில் ஒருத்தி அழுகிற நிலையில் இருந்தாள். கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வங்கி ஸ்டாலில் நின்றிருக்கிறாள்.

"அங்க ஏன் நிக்கிறீங்க? பாலம் கட்டுற கம்பெனி கடைசியில இருக்கு, உங்களைத்தான் தேடுறாங்க," என்றாள் நம் ஊமை. எல்லாக் கம்பெனியைப் பற்றியும் கரைத்துக் குடித்திருந்தாள். அடுத்தவன், அதற்கடுத்தவள். அவளுக்குக் கேமரா இருப்பதே மறந்துபோயிற்று.

மதியம் பாலக் கம்பெனி அதிகாரியே வந்துவிட்டார். "வர்ற எல்லாரும் பெரியம்மா அனுப்பினாங்கன்றாங்க. எல்லாம் சரியான ஆளுங்க. இவங்க உங்க கம்பெனில யாரு?"

"எல்லாமே இவதான். கேட்டா விட்டுக்கொடுப்பேன்."

கேட்டார்.

4

முடிவு அ: வேலை கிடைத்தது. முடிவு ஆ: அந்தக் கம்பெனியையே அவள் வாங்கி… (தங்கை இந்த வரியை அடித்துவிட்டாள்.)

"வேலை கிடைச்சது வாஸ்தவம். அவ கேமராவுல பேசினான்னு மட்டும் எழுதாதே. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் முடிவே கிடையாது. படிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்த தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க ஆபீஸ் கேஷியரோட பொண்ணு அன்னிக்கு உன் ஸ்டால் வரிசையில நின்னிருக்காக்கா."

"அப்படியா?"

"பெரியம்மா ஸ்டால்ல ஒரு அக்கா மூச்சுவிடாம பேசினாங்க, அவங்களாலதான் எனக்கு வேலைன்னு சொன்னாளாம்." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "நடந்ததுதான். எழுதிக்கோ."