கஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க

வறுமையின் விலங்கைப் பெண்ணினம் உடைத்தெறியும் பொன்னாள் இதுவே என்று அறக்கட்டளைத் தலைவி மைக்கில் முழங்கினார். மைக் வேலை செய்யாததால் இன்னொரு முறை முழங்கினார். பிறகு அறக்கட்டளையின் பயிற்சி மையத்தில் படித்து முடித்த எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்.

வாங்கியவர்களில் ஒருத்தியை வீட்டில் வாயாடி என்பார்கள். புருஷன் விட்டுப்போன பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள், மையத்தில் கம்ப்யூட்டரில் பில் போடக் கற்றிருந்தாள். அண்ணி சான்றிதழைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு. இதக் குடுத்தா அரிசி தருவாங்களாமா?"

"வேலை தருவாங்க அண்ணி."

"தரட்டும். இந்த மாசத்துக்குள்ள தரச் சொல்லு. எங்கம்மா வராங்க, ரூம் வேணும்."

மையத்தில் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தவர் டை கட்டிய பயிற்சியாளர். எதை ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிப்பார்: "வேலை எதுக்குன்னு கேட்டா, கஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நிறுவனத்தோட சேர்ந்து நானும் வளரணும்னு சொல்லுங்க."

மருந்து மொத்தக் கடை ஒன்றில் பில் போட ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். வாயாடி போனபோது வெளியே பெஞ்சில், மடியில் பைலோடு பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார்.

"சார்! எனக்குத் தைரியம் சொல்ல வந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றார். உள்ளே முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. "ரொம்பக் கஷ்டம் முதலாளி. மையத்துல சம்பளம் வந்தா வரும், வராட்டி இல்ல. ரெண்டு பிள்ளைங்க..." என்று அவர் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

அடுத்துப் போன வாயாடி, படித்த பாடத்தை மாற்றாமல் ஒப்பித்தாள்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வளரணுமா? நானே இருபது வருஷமா இங்க வளரல தாயி."

வேலை பயிற்சியாளருக்குப் போனது.

மறுவாரம் தலைவி ஆளனுப்பி வாயாடியை வரவழைத்தார். "நீ நல்லாப் பேசுவியாமே? வகுப்பு எடுக்கிறியா? இது ஒரு சேவைம்மா."

"எடுக்கறேம்மா. சேவைக்கு ஒரு மாசச் சம்பளத்த முன்னாடியே குடுத்துடுங்க. மையத்துப் பின்கட்டு ரூம் சும்மாதானே பூட்டிக் கிடக்கு, அதுல நானும் மகளும் இருந்துக்கறோம்."

வகுப்பெடுக்க வேறு ஆள் இல்லாததால் தலைவி சாவியைக் கொடுத்தார். வாயாடி அன்றைக்கே மூட்டையோடு வந்துவிட்டாள்.

அடுத்த விழாவில், கடும் போட்டியில் வென்று ஆசிரியையாக உயர்ந்த சாதனைப் பெண் என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.